ரோகிணியின் வெப்பநிலை: டிஎஸ்எல்ஆர் கேமராவில் அளந்து பார்த்தது

ரோகிணி நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பநிலை கடைசியில் ஓர் எண்ணாக வந்துவிட்டது: சுமார் 3,800 கெல்வின். நூல்களில் இருப்பது 3,900க்குப் பக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் திடலில் முக்காலி போட்டு எடுத்த படங்களுக்கு இது நல்ல விடை.

பொலிவெண் என்பது விண்மீனின் பொலிவைச் சொல்லும் எண், கூடினால் மங்கல். நீலத்தில் (பி) அளந்த பொலிவெண்ணிலிருந்து பச்சையில் (வி) அளந்ததைக் கழித்தால் பி-வி நிறச்சுட்டெண். வேகாவுக்கு ஏறத்தாழ 0, சூரியனுக்கு 0.65. எண் கூடக்கூட விண்மீன் சிவந்து, குளிர்ந்து இருக்கும். அதை 2012இல் வானியலாளர் பயெஸ்தெரோஸ் தந்த சூத்திரத்தில் போட்டால் வெப்பநிலை கிடைக்கும். படங்கள் கேமரா பதப்படுத்தாத ரா கோப்புகளாக இருக்க வேண்டும். குவியத்தைக் கொஞ்சம் கலைத்து எடுத்தால் ஒளி பல பிக்சல்களில் பரவும், நிரம்பி வழியாது.

பெரிய வேலை காற்றைக் கழிப்பதுதான். செம்பனைக்கு நடுவே இரவு ஈரம் அதிகம். காற்று பச்சையைவிட நீலத்தை அதிகம் தின்கிறது. சும்மா விட்டால் எல்லா விண்மீனும் இருப்பதைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும். இதற்கு எனக்குக் கைகொடுத்தது புரோசியான் என்ற விண்மீன். நம் ஊரில் அது கிழக்கே எழுந்து கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு ஏறுகிறது. ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் 30 பாகை உயரம். அப்போது அதன் ஒளி கடக்கும் காற்று உச்சியில் இருப்பதைப்போல் இருமடங்கு. நான்கு மணி நேரத்தில் தலைக்கு மேல் வந்துவிடும். இடையிடையே அளந்து, பொலிவெண்ணைக் காற்றின் அளவுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு. கோட்டைக் காற்றே இல்லாத இடம்வரை நீட்டினால் வளிமண்டலத்துக்கு வெளியே உள்ள பொலிவு தெரியும். மெல்லிய மேகம் குறுக்கிட்டால் புள்ளிகள் கோட்டை விட்டுத் துள்ளும். அந்த இரவை அப்படியே விட்டுவிடலாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இது பெரிய வசதி, நாம்தான் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

அப்புறம் கேமராவின் நிறத்தை ஜான்சன்-மார்கன் முறைக்கு, அதாவது அட்டவணைகள் பின்பற்றும் பி, வி அளவுமுறைக்கு, மாற்றணும். கேமராவின் பச்சை, வி-யோடு ஓரளவு ஒத்துப்போகும். நீலம்தான் பாடாய்ப் படுத்தும். சிரியஸ் 0.00, புரோசியான் 0.42, போலக்ஸ் 1.00 என்று தெரிந்த மூன்றை வைத்து மாற்றுக்கோடு போட்டேன். ரோகிணிக்கு 1.49 வந்தது, அட்டவணையில் 1.54.

போலக்ஸுக்கு அப்பால் கோட்டைத் தாங்கப் புள்ளி இல்லை. திருவாதிரை உதவாது: அது மாறுவிண்மீன், 2020 பிப்ரவரியில் பொலிவெண் 1.6 வரை மங்கியது. ஆல்ஃபார்ட் என்ற விண்மீனின் நிறச்சுட்டெண் 1.44, பொலிவும் நிலையாக இருக்கும். மார்ச்சில் அது மேலே வரும்போது சேர்த்து, கோட்டைத் திரும்பப் போடப்போகிறேன்.