ஆள் போய்விட்டார், அக்கவுண்ட் இருக்கிறது

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், நிறுவனத்தில் இருக்கும் லாகின் கணக்குகளை எல்லாம் பட்டியல் போடச் சொன்னார்கள். ஒரு நாள் வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன், மூன்று வாரம் ஆனது. அந்தப் பட்டியலில் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மனிதருக்கு அல்ல, தானாக ஓடும் ஒரு புரோகிராமுக்கான கணக்கு. தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே வரும், ஏதோ செய்யும், போய்விடும். கையில் முழு அட்மின் உரிமை, பாஸ்வேர்டு ஆறு வருடமாக மாறவே இல்லை, அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய் நாலு வருடம். நிறுத்தலாமா என்று யாரைக் கேட்டாலும் "வேண்டாங்க, எது நிற்கும்னு தெரியாது" என்றுதான் பதில் வந்தது. கடைசியில் எழுத்தில் அனுமதி வாங்கி நிறுத்தினோம். மறுநாள் ஒரு துறைக்குப் போகும் பழைய அறிக்கை வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அடையாளப் பாதுகாப்பின் (உள்ளே வருவது யார் என்று உறுதி செய்யும் வேலையின்) எதிர்காலம் என்று யார் பேச ஆரம்பித்தாலும், எனக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கு யாருடையது?

2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் சைபர் தாக்குதலால் நின்றது நினைவிருக்கும். கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அந்தக் குழாயில்தான் போகிறது. உள்ளே வந்தவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. யாரும் பயன்படுத்தாத, ஆனால் யாரும் மூடாத ஒரு பழைய விபிஎன் கணக்கு (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வரும் வழி), அதற்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு, இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் கிடையாது. அதற்காகக் கொடுத்த பிணைத்தொகை 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்.

பாஸ்வேர்டு விஷயத்தில் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் பாஸ்கீயும், கையில் வைத்துக்கொள்ளும் பாதுகாப்புச் சாவியும், போலிப் பக்கம் காட்டிப் பாஸ்வேர்டு திருடும் ஃபிஷிங்கை வேரிலேயே வெட்டுகின்றன. ரகசியச் சாவி இணையதளத்துக்குப் போவதே இல்லை, அது போடும் டிஜிட்டல் கையெழுத்தும் அந்த இணையதள முகவரிக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். போலிப் பக்கத்தில் மனிதர் ஏமாறலாம், சாவி ஏமாறாது. 2022-ல் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் மூன்று பேர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டியே விட்டார்கள். ஆனாலும் அந்தச் சாவி இல்லாமல் திருடர்களால் உள்ளே வர முடியவில்லை.

சரி, வாசல் பலமாகிவிட்டால் திருடர் எங்கே போவார்? "சார், என் ஃபோன் தொலைந்துவிட்டது, புது ஃபோனில் போட்டுக் கொடுங்கள்" என்று ஹெல்ப் டெஸ்க்குக்கு அழைப்பார். 2023-ல் அமெரிக்க சூதாட்ட விடுதி நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மீதான தாக்குதலில் இந்த வழிதான் பேசப்பட்டது, இழப்பு சுமார் 10 கோடி டாலர் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. குரலையும் முகத்தையும் இனி ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் வீடியோ அழைப்பில் தெரிந்த முகங்களைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினார், அத்தனையும் டீப்ஃபேக் (ஏஐ செய்த போலி), போனது சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். ஆகவே கணக்கை மீட்டுக் கொடுப்பது மெதுவாகவே நடக்கட்டும். பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைத்து, மேலாளரிடமும் உறுதி செய்துகொண்டு, அப்புறம் கொடுக்கட்டும். தாமதமானதற்காக ஹெல்ப் டெஸ்க் பையனை யாரும் திட்டக் கூடாது, எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. இதை நிர்வாகம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயத்திலேயே அவர் ரீசெட் செய்து கொடுத்துவிடுவார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மனிதர் அல்லாத கணக்குகள். ஏபிஐ கீ, டோக்கன் (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் காட்டும் ரகசியக் குறியீடுகள்), சர்வீஸ் அக்கவுண்ட் என்று இவை சத்தமில்லாமல் பெருகுகின்றன. ஓடிபி கேட்டால் சொல்ல இவற்றுக்குக் கை கிடையாது, ராஜினாமா கடிதமும் கொடுக்காது. 2022-ல் அவ்வளவு அழகாகத் தப்பித்த அதே கிளவுட்ஃப்ளேரில், 2023 நவம்பரில் ஆள் புகுந்துவிட்டார்கள். நிறுவனங்களுக்கு லாகின் சேவை தரும் ஆக்டாவில் நடந்த திருட்டில் வெளியே போன விவரங்களில் ஒரு டோக்கனும் மூன்று சர்வீஸ் அக்கவுண்ட்களும் பயன்பாட்டில் இல்லை என்று நினைத்து மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்த இரண்டு மணி அக்கவுண்ட்தான் ஞாபகம் வந்தது.

இப்போது ஏஐ ஏஜென்ட் வேறு, நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐ புரோகிராம். பல இடங்களில் அது ஒரு ஊழியரின் லாகினிலேயே ஓடுகிறது, மின்னஞ்சல் படிக்கிறது, கோப்புகளை மாற்றுகிறது, யார் என்ன செய்தார் என்ற பதிவில் (லாக்) பார்த்தால் எல்லாம் அந்த ஊழியர் செய்ததாகவே இருக்கும். நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால் அவர் எப்படித் தன் பக்கத்தை நிரூபிப்பார்? ஏஜென்ட்டுக்குத் தனி அடையாளம் வேண்டும், அந்தந்த வேலைக்கு மட்டும் உரிமை வேண்டும், சில நிமிடங்களில் செத்துப்போகும் டோக்கன் வேண்டும். இணையதளச் சான்றிதழ்களின் (இணையதளத்துக்கு அடையாள அட்டை மாதிரி) ஆயுளை 2029 மார்ச்சுக்குள் 398 நாளிலிருந்து 47 நாளாகக் குறைக்க முடிவாகிவிட்டது, மற்ற அடையாளங்களும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

நான் இப்போது இருக்கும் இடத்தில் புதுக் கணக்கு எதுவானாலும் இரண்டு கட்டங்களை நிரப்பாமல் உருவாகாது: பொறுப்பாளர் பெயர், முடியும் தேதி. பொறுப்பாளர் வேலையை விட்டால், அவருடைய கடைசி நாளுக்கு முன்பே அவர் பெயரில் உள்ள கணக்குகள் வேறொருவர் பெயருக்கு மாற வேண்டும் அல்லது மூடப்பட வேண்டும். போன வாரம் ஒரு ஏஐ ஏஜென்ட்டுக்குக் கணக்கு கேட்டு விண்ணப்பம் வந்தது, பொறுப்பாளர் என்ற இடத்தில் "டீம்" என்று போட்டிருந்தார்கள். ஒரு ஆளின் பெயர் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பெயரோடு வந்தது.