தெரபிக்குத் தந்த காசு பயணத்துக்குப் போன கதை

மாற்றுத்திறனாளிகளின் சேவைகளுக்கு அவுஸ்திரேலிய அரசு பணம் ஒதுக்கும் திட்டம்தான் என்.டி.ஐ.எஸ். அதில் பிளான், அதாவது தனக்கென்று ஒதுக்கிய பணம், கையில் கிடைத்தவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வீட்டுக்கு வந்து தெரபி செய்யும் கம்பனியோடு ஒப்பந்தம் போடும்போது மணித்தியாலக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். வந்து போகும் பயணத்துக்கு எவ்வளவு எடுப்பார்கள் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் கணவருக்குக் கை கொஞ்சம் அசையத் தொடங்கிய நேரத்தில், காசு முடிந்துவிட்டது என்று தெரபி நின்றுபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவருக்கு 54 வயதில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 65 வயதாகும் முன் விண்ணப்பிக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. வைத்தியசாலைச் சமூக சேவகர் படிவங்களைப் பார்த்துக்கொண்டார், பிளான் வந்தது, அந்தப் பணத்திலிருந்து நமக்காக இன்வொய்ஸ்களைக் கட்டும் பிளான் மனேஜர் ஒருவரையும் பிடித்தோம். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மேற்கு சிட்னியில் வீட்டுக்கு வரும் ஓ.டி. (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்), பிசியோ, பேச்சுச் சிகிச்சையாளர் மூவரையும் ஒரே இடத்தில் பிடிப்பது சுலபமில்லை. எல்லா இடத்திலும் காத்திருப்புப் பட்டியல். கடைசியில் ஒரு கம்பனி "மூன்றும் எங்களிடம் இருக்கிறது, உடனே வருகிறோம்" என்றது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் பயணத்துக்கு எதிரே "என்.டி.ஐ.எஸ். விலை ஏற்பாட்டின்படி" என்று ஒரே ஒரு வரி. தொகை இல்லை, எங்கிருந்து வருவார்கள் என்பதும் இல்லை. இப்படி ஒரு வரியைக் கண்டால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

முதலில் வந்தவர் பேச்சுச் சிகிச்சையாளர். இவருக்குத் தமிழ்தான் நன்றாக விளங்குகிறது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தேன். வந்த பிள்ளைக்கு அந்தத் தகவலே போகவில்லை. படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். இவருக்கு வியர்த்துக் கொட்டியது. நாலைந்து படத்துக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அந்த வரவுக்கு முழுக் கட்டணம் எடுத்தார்கள், அறிக்கையில் கடுமையான பாதிப்பு என்றும் எழுதினார்கள். இரண்டு மொழியில் வாழ்ந்த மனிதருக்குப் பக்கவாதம் இரண்டு மொழியையும் ஒரே அளவில் தாக்க வேண்டும் என்றில்லை. இரண்டிலும் சோதித்தால்தான் எது மிஞ்சியிருக்கிறது என்று தெரியும்.

அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. என்.டி.ஐ.எஸ். சேவைக்கு அவர்கள் மூலம் மொழிபெயர்ப்பாளரை எடுத்தால் அந்தச் செலவு நம் பிளானிலிருந்து போகாது. சிகிச்சையாளர்தான் பதிவு செய்ய வேண்டும், செய்துவிட்டாரா என்று முதல் நாளே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பேச்சு பாதிக்கப்பட்டவருக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பு சரிவராது. வாயசைவையும் கைச்சைகையையும் பார்க்க வேண்டியிருப்பதால் நேரில் வருபவரைக் கேளுங்கள். அடுத்த முறை ஒரு தமிழ் ஐயா நேரில் வந்தார். அதே படங்கள்தான். "தேங்காய்", "குடை", "சாவி" என்று இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்தியசாலையை விட்டு வந்த பிறகு அவர் வாயில் இத்தனை சொற்களை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு இன்வொய்ஸ்கள் வந்தன.

2025 ஜூலையில் வந்த என்.டி.ஐ.எஸ். விலைப் புத்தகத்தில் ஓ.டி.க்கு ஒரு மணித்தியாலத்துக்கு உச்சக் கட்டணம் 193.99 டொலர், பிசியோவுக்கு 183.99. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயணக் கணக்குத்தான் வேறு. எங்களைப் போல நகரப் பகுதியில் இருப்பவர்களுக்கு, வர அரை மணித்தியாலம் வரை, திரும்பிப் போக அரை மணித்தியாலம் வரை சிகிச்சையாளர் கட்டணம் கேட்கலாம். அதே ஜூலையிலிருந்து அது மணித்தியாலக் கட்டணத்தில் பாதிதான், அதற்கு முன் முழுக் கட்டணமே எடுக்க முடிந்தது. பாதி என்றாலும் போக வர 97 டொலர். இதோடு "நேரில் அல்லாத சேவை" என்று ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இன்னொரு 97. காருக்குக் கிலோமீட்டர் காசு தனி. ஆக, இவருக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்க இரண்டு மணித்தியாலத்தின் காசு போனது.

2025 மே 19க்குப் பிறகு வரும் பிளான்களில் முழுப் பணமும் ஒரேயடியாகக் கிடைப்பதில்லை. எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பகுதியாக விடுகிறார்கள். ஒரு பகுதியில் மிஞ்சினால் அடுத்ததோடு சேரும், ஆனால் அடுத்த பகுதியை முன்கூட்டி எடுக்க முடியாது. எங்கள் முதல் பகுதி பாதி வழியிலேயே தீர்ந்தது. அடுத்த பணம் வரும்வரை வர முடியாது என்று கம்பனி ஒரு ஈமெயில் அனுப்பியது. விரித்துப் பிடிக்கப் பழகியிருந்த விரல்கள் அந்த இடைவெளியில் மறுபடியும் உள்ளே மடங்கத் தொடங்கின. ஓ.டி. விட்டுப்போன பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் நானே நீட்டிவிட்டேன். வலியில் அவர் கையை இழுத்துக்கொள்வார்.

கம்பனியின் கணக்குப் பகுதிக்கு அழைத்தேன். "விலைப் புத்தகம் அனுமதிக்கிறது, நாங்கள் மேலதிகமாக எடுக்கவில்லை" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். நேரில் அல்லாத சேவை என்றால் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. அவர் சொன்ன அந்தப் புத்தகத்தையே இறக்கி, இரவிரவாக இருந்து வாசித்தேன். நீங்களும் வாசியுங்கள். பயணப் பகுதி சில பக்கங்கள்தான்.

பயணக் கட்டணத்துக்கு நம் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரே பகுதியில் பலரைப் பார்க்க வருகிறவர், எல்லோருடைய சம்மதத்தோடும் பயண நேரத்தை அவர்களுக்குள் பிரித்துப் போடலாம் என்றும் இருக்கிறது. எங்கள் ஓ.டி. ஒவ்வொரு முறையும் எங்களிடமிருந்து பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டுக்குத்தான் போவார், அவரே சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் திரும்பிப் போகும் பயணம் முழுவதும் எங்கள் கணக்கில் ஏறியிருந்தது. நேரில் அல்லாத வேலைக்குக் காசு எடுப்பதென்றால் அது இவருடைய சிகிச்சைக்காகச் செய்த வேலையாக இருக்க வேண்டும், அதற்கும் முன்சம்மதம் வேண்டும். இன்வொய்ஸ் அடிப்பது போன்ற அலுவலக வேலைக்கு எடுக்கவே கூடாது.

அந்த ஓ.டி. பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கை, நல்ல பொறுமை. கணக்குப் போட்டது அவர் இல்லை.

இவற்றைப் பக்க எண்ணோடு எழுதி ஈமெயில் அனுப்பினேன். பிளான் மனேஜரிடம், விளக்கம் வரும்வரை இந்த இன்வொய்ஸ்களைக் கட்ட வேண்டாம் என்று எழுதினேன். இதைச் செய்ய நமக்கு உரிமை இருக்கிறது, பிளான் மனேஜர் நமக்காகத்தான் வேலை செய்கிறார். சரியான பதில் வராவிட்டால் என்.டி.ஐ.எஸ். தரக் கண்காணிப்பு ஆணையத்துக்கு, 1800 035 544 என்ற எண்ணில், முறையிடுவேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதுவரை கிணற்றில் போட்ட கல்லாக இருந்தவர்கள், அதற்குப் பிறகு மேலாளரையே பேச வைத்தார்கள். பிரித்துப் போட்டிருக்க வேண்டிய பயணக் காசும், விளக்கம் இல்லாத அரை மணித்தியாலங்களும் இன்வொய்ஸிலிருந்து கழிக்கப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வந்த அந்த வரவுக்கு மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது வருபவர் தனியாகத் தொழில் செய்யும் ஓ.டி. எங்கள் பக்கத்துக்குக் கிழமையில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார், பயணத்தை அன்றைய வீடுகளுக்குள் பிரித்துப் போடுகிறார். கம்பனியோ தனியாளோ, ஓ.டி., பிசியோ இருவரும் சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் ஆப்ராவில் பதிவானவர்களா என்று இணையத்தில் பெயர் போட்டுப் பாருங்கள். பேச்சுச் சிகிச்சையாளர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. பதிவு இல்லை என்று பயந்துவிடாதீர்கள்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். பழகிய பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்விக்க ஓ.டி.யே வர வேண்டியதில்லை. அவருடைய மேற்பார்வையில் உதவியாளர் ஒருவர் வரலாம், 2025 ஜூலை விலைப் புத்தகத்தில் உயர்ந்த நிலை உதவியாளருக்கே மணித்தியாலத்துக்கு உச்சக் கட்டணம் 86.79 டொலர்தான். எங்களிடம் ஒரு கிழமை உதவியாளர், மறு கிழமை ஓ.டி. என்று மாறி மாறி வருகிறார்கள். முந்தைய கம்பனி இப்படி ஒரு வழி இருப்பதாகச் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வருவதால் என்ன நன்மை என்று சிலர் கேட்கிறார்கள். கிளினிக்கில் இவருக்கு இடக்கையால் முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்கினார்கள். இவர் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டார். புதிய ஓ.டி. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து, மாமி சோறு பிசைந்து ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, வலக்கையால் சோறு அள்ளிச் சாப்பிடுவதையே இலக்காக எழுதிக்கொண்டார். விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத விரிப்பு, குழைந்த சோறு என்று தொடங்கினோம். முழங்கையை மேசையில் ஊன்றி, சோற்றைத் திரட்டி வாய்வரை கொண்டுபோகிறார். பாதி சிந்தும். மாமி இப்போது ஊட்டுவதில்லை. குளியலறை வாசல் படியையும் அந்த ஓ.டி.தான் கவனித்தார். குளிக்கும் நாற்காலி 1,500 டொலருக்குள் அடங்குவதால் தனி அனுமதிக்குக் காத்திருக்காமல், அவருடைய எழுத்து ஆலோசனையோடு வாங்கிக்கொண்டோம்.

பிளான் மறுமதிப்பீடு நெருங்கினால் ஓ.டி.யிடமிருந்து செயல்திறன் அறிக்கை கேட்பார்கள். அதை எழுதும் மணித்தியாலங்களும் நம் பணத்தில்தான் போகும். கடைசி மூன்று மாதப் பகுதியில் அதற்கென்று ஒதுக்கி வையுங்கள், எத்தனை மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது என்று முன்னரே எழுதி வாங்குங்கள். புதிய பிளானில் பணத்தைக் குறைத்தால் மூன்று மாதத்துக்குள் உள்ளக மீளாய்வு கேட்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 2024 ஒக்டோபரிலிருந்து பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் இதுதான் இருக்கிறது. எங்கள் அறிக்கைக்கான மணித்தியால எல்லையை ஓ.டி. போன கிழமை ஈமெயிலில் உறுதி செய்துவிட்டார், பிளான் மனேஜருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.