கிட்டார் கம்பியில கோர்த்த பென்ட்லி வீல்

எட்டு மாசமா டைனிங் டேபிள்ல பாதிய பிடிச்சு வச்சிருந்த பென்ட்லி போன வாரம் ஒருவழியா நாலு வீல்ல நின்னுச்சு. ப்ளோயர் பென்ட்லிங்கற பழைய பிரிட்டிஷ் ரேஸ் காரோட 1:12 மாடல், அதாவது நிஜத்துல பன்னெண்டுல ஒரு பங்கு. நிஜ வண்டில முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல 130 இன்ச், என் வண்டில பதினோரு இன்ச்சுக்கு கொஞ்சம் கம்மி. வீட்டுல இனிமே நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம், அந்த சந்தோஷம் எனக்கு இருக்கோ இல்லையோ மத்த மூணு பேருக்கு நிறைய.

ஏன் இந்த வண்டின்னா, இது ஒரு வீம்புல பிறந்த வண்டி. இன்னும் வேகம் வேணும்னா இன்ஜினை பெருசாக்கு, இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற சூப்பர்சார்ஜர் (அதுதான் ப்ளோயர்) எல்லாம் வேணாம்ங்கறது கம்பெனிய ஆரம்பிச்ச டபிள்யூ.ஓ. பென்ட்லியோட கட்சி. ரேஸ் ஓட்டுற டிம் பர்கின் கேக்கல, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ்ங்கற இன்ஜினியரை சூப்பர்சார்ஜர் டிசைன் பண்ண வச்சு, டோரதி பேஜெட்ங்கற பெரிய பணக்காரப் பொண்ணோட காசுல ரேஸ் டீம் ஓட்டினார். பிரான்ஸ்ல நடக்கற லு மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல இறக்கணும்னா 50 வண்டி செஞ்சு விக்கணும்னு ரூல் இருந்ததால பிடிக்காத வண்டியையே கம்பெனி 50 செய்ய வேண்டியதாப் போச்சு. 1930 லு மான்ஸ்ல ரெண்டு வீலை புல்லுல இறக்கி ஜெர்மன் ரேஸ் டிரைவர் கராச்சியோலாவோட மெர்சிடிஸை பர்கின் ஓவர்டேக் பண்ணினது இன்னைக்கும் பேசுறாங்க, ஆனா ப்ளோயர் ஒண்ணு கூட அந்த ரேஸை முடிக்கல, ஜெயிச்சது டபிள்யூ.ஓ. சொன்ன மாதிரியே பெரிய இன்ஜின் போட்ட பென்ட்லியோட இன்னொரு மாடல், ஸ்பீட் சிக்ஸ். அதே வருஷம் 'போ' (Pau)ங்கற ஊர்ல நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸ்ல, குட்டி குட்டி புகாட்டிங்களுக்கு நடுவுல இந்த யானைய ஓட்டி ரெண்டாவது வந்தார் பர்கின் பாருங்க, அதுக்காகவே செய்யணும்னு தோணுச்சு.

சூப்பர்சார்ஜர் ரேடியேட்டருக்கும் முன்னாடி, இன்ஜினோட சுத்துற தண்டு, அதான் கிராங்க் ஷாஃப்ட், அது நுனியில, சேசிஸோட ரெண்டு கொம்புக்கு நடுவுல துருத்திக்கிட்டு இருக்கும். சாதா 4½ லிட்டர் வண்டில 110 குதிரை சக்தி, ரேஸ் ப்ளோயர்ல 240. பார்த்தா பெரிய வேலை மாதிரி தெரியும், ஆனா ரெண்டு சாயங்காலத்துல ஒட்டி பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டேன்.

உயிரை எடுத்தது வீலுதான்.

கிட்ல வந்த கம்பி எல்லாம் பிளாஸ்டிக், ஒவ்வொண்ணும் முருங்கைக்காய் தடிமன்ல. அப்படியே மாட்டி விட்டிருக்கலாம், மனசு கேக்கல. எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு ரிம்மை மட்டும் வச்சுக்கிட்டேன், லேத் பட்டறை வச்சிருக்கற நண்பர் அலுமினியத்துல நாலு ஹப் கடைஞ்சு கொடுத்தார், கம்பிக்கு கிட்டார் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரிங், 0.3 மில்லிமீட்டர் ஸ்டீலு. ஒரு வீலுக்கு 60 கம்பி, நாலு வீலுக்கு 240. நிஜ வண்டியோட எண்ணிக்கை இதுன்னு சொல்ல வரல, என் கைக்கு வந்தது இவ்வளவுதான். ரிம்ல 0.4 மில்லிமீட்டர் ஓட்டை, கை ட்ரில்லுல கொஞ்சம் சாச்சுப் பிடிச்சாலும் பிட்டு படக்குனு போயிடும், முதல் வீலுக்கே மூணு பிட்டு போச்சு. ஸ்டீல் கம்பிய நறுக்கி நறுக்கி கட்டிங் பிளேயர் வாயெல்லாம் பல்லு விழுந்துடுச்சு.

முதல் வீலை தப்பா வேற கோர்த்தேன். நடுவுல இருந்து நேரா, சூரியன் படத்துல கதிர் போடுற மாதிரி. ரெண்டு ராத்திரி வேலை, மாட்டிப் பார்த்தா தள்ளுவண்டி சக்கரம். அப்புறம்தான் சின்ன வயசுல சைக்கிள் கடையில உக்காந்து பார்த்தது ஞாபகம் வந்துச்சு, கம்பி ஹப்போட விளிம்புல இருந்து சாய்வா போகும், ஒண்ணு இந்தப் பக்கம் சாஞ்சா இன்னொண்ணு அந்தப் பக்கம். மெல்லிசு கம்பிய அமுக்கினா வளைஞ்சிடும், இழுத்தா தாங்கும், அவ்வளவுதான் விஷயம். ஆக்சிலேட்டர் மிதிச்சா ஒரு பக்கம் சாஞ்ச கம்பிங்க இழுத்துப் பிடிக்கும், பிரேக் அடிச்சா எதிர்ப்பக்கம் சாஞ்சது. கடைஞ்ச ஹப்ல மறுபடியும் ஓட்டை போட்டு, பிளைவுட்ல வட்டம் வரைஞ்சு ஆணி அடிச்சு, ரிம்மையும் ஹப்பையும் அசையாம வச்சு முதல்ல இருந்து கோர்த்தேன். சூப்பர் க்ளூ போட்டுட்டு தூசி விழக்கூடாதுன்னு டப்பாவால மூடி வச்ச புத்திசாலி நான், காலையில பார்த்தா கம்பியெல்லாம் விபூதி பூசின மாதிரி வெள்ளையா இருக்கு. அந்த க்ளூவோட ஆவி வெளிய போக வழி இல்லன்னா அங்கயேதான் படியும். சொரண்டி எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை.

பாடிய பத்தி ஒண்ணே ஒண்ணு. ரேஸ் வண்டிங்களுக்கு மரச்சட்டத்து மேல துணி இழுத்துக் கட்டின பாடி, அதனால பளபளன்னு பெயின்ட் அடிச்சா பொம்மை ஆயிடும். நிஜத் துணி ஒட்டலாமான்னு பார்த்தேன், இந்த அளவுல சாக்கு மூட்டை மாதிரி தெரிஞ்சுது. டிஷ்யூ பேப்பரை ஒத்தை லேயரா பிரிச்சு தண்ணி கலந்த வெள்ளைப் பசையில ஒட்டி அது மேல கரும்பச்சை அடிச்சதும் சரியா உக்காந்துச்சு.

நாலு வீலும் முடிஞ்சதும் அந்த பழைய சைக்கிள் கடைக்கு ஒரு வீலை தூக்கிக்கிட்டு போனேன். அண்ணனுக்கு இப்போ தலையெல்லாம் நரைச்சிடுச்சு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு, ஊசி ஒண்ணை நடுவுல சொருகி, விரலால சுத்தி விட்டு, ரிம்மு பக்கத்துல சாக்பீஸ் பிடிச்சு பார்த்தார். எனக்கு பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி இருந்துச்சு.

"கோட்டம் கொஞ்சம் இருக்குதுங்க தம்பி, பரவால்ல, கம்பிய முறுக்குற நிப்பிள் இல்லாம இவ்வளவு வந்ததே பெருசு"ன்னார். அப்புறம் திரும்பத் திரும்ப ரிம்மையே உருட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"ஏனுங் தம்பி, காத்து எதுல அடிப்பீங்க? வால்ட்யூப்பு ஓட்டையே காணமுங்களே."

இன்னைக்கு ராத்திரி டயர் நாலையும் கழட்டணும். டைனிங் டேபிள் விஷயத்தை வீட்டுல இன்னும் சொல்லல.