ஒரு குப்பி மருந்தும் எட்டு அடைக்கோழியும்

மூன்று வருடத்துக்கு முன் பங்குனியில் எங்கள் வீட்டில் 27 கோழி இருந்தது. சித்திரை பிறந்தபோது மிஞ்சியது இரண்டு. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து திருகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வெள்ளைக்கழிச்சல். வந்துவிட்டால் அதைத் தீர்க்க மருந்து கிடையாது. "சீக்கு வருசா வருசம் வாரதுதானே" என்றார் அத்தை. எனக்குத்தான் ஆறவில்லை. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், திருவிழாச் செலவு எல்லாம் அந்தக் கோழிகளில் ஓடியது.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பிப்ரவரி முகாமில் கால்நடைத் துறையினர் இந்தச் சீக்குக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுவார்கள். ஆனால் அது எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு. குஞ்சுக்கு ஏழாம் நாளே கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா என்ற தடுப்பு மருந்தை விட வேண்டும். கடையில் கேட்டால் குப்பி 100 குஞ்சுக்கானது. என்னிடம் இருந்தது ஒன்பது! கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. சரி, போனால் போகிறதென்று வாங்கி, கைப்பையில் போட்டு வெயிலில் பஸ் ஏறினேன். ஐஸ் வைக்காததால் சூட்டில் மருந்து கெட்டுவிட்டது. அந்தக் குஞ்சுகளும் தங்கவில்லை.

மருந்தின் விலை பெரிதல்ல. ஒவ்வொரு அடைக்கும் டவுனுக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். தெருவில் எல்லாக் கோழியையும் ஒரே நாளில் அடை வைத்தால் என்ன, ஒரே குப்பி எல்லாக் குஞ்சுக்கும் ஆகுமே என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம் அவரே மூன்று வீட்டைச் சேர்த்துவிட்டார்.

கோழி நம் பஞ்சாங்கம் பார்த்து அடைக்கு வராது. முந்திக்கொண்ட இரண்டைக் கூமுட்டை வைத்து நாலைந்து நாள் ஏமாற்றினோம். அதில் ஒன்று வெடித்து வீடே நாறியது தனிக்கதை. நல்ல முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதி, மணல் போட்ட பானையில் நிழலில் வைத்தோம். ஒரு வாரம் தாண்டியவை குழம்புக்குப் போயின. கோழிக்குப் பதினொன்று வீதம் எட்டுக் கோழி. கூடைக்குள் இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய் போட வேண்டும், இல்லாவிட்டால் இடிக்கு முட்டை கெட்டுவிடும் என்றார் அத்தை. நான் மறுக்கவில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிட்டோம். 21ஆம் நாள் 71 குஞ்சு.

மருந்து பால் தூக்கில் ஐஸுக்கு நடுவே வந்தது. விடிந்ததும் எல்லாரும் பஞ்சாரத்தோடு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கண்ணில் சொட்டு விட்டு, குஞ்சு இமைத்த பிறகுதான் கீழே விட வேண்டும். நாலாவது வாரம் இன்னொரு முறை, எட்டாவது வாரம் ஊசி.

52 தேறின. கழிச்சலில் ஒன்றும் போகவில்லை. மற்றவற்றைப் பருந்தும் கீரியும் பார்த்துக்கொண்டன. ஒரு மாதத்தில் குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டதால் கோழிகள் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்தன. பிரித்த குஞ்சுக்குத் தீனி? கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலையைப் பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றோரம் கவிழ்த்தால் காலையில் கரையான். காசு செலவில்லை.

நேற்று கறுப்புக்கோழி அடை கேட்டுக் கத்தத் தொடங்கியது. அத்தை பரணில் கைவிட்டபடி கேட்கிறார்: "இதை எத்தனை நாளைக்குடி ஏமாத்தணும்?"