மேவன் பில்டுக்கு ஒரே ரிப்போர்ட்: நாங்கள் கட்டிய விதம்

எங்கள் அலுவலகம் புதுச்சேரி லாஸ்பேட்டையில். ப்ராஜெக்ட் ஜாவா, பில்டு (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் வேலை) மேவன் என்ற கருவியில், உள்ளே ஏகப்பட்ட மாட்யூல்கள் (ப்ராஜெக்டின் தனித்தனிப் பகுதிகள்). டெஸ்டை ஓட்டும் ப்ளக்இன் (மேவனோடு சேரும் துணைக் கருவி) ஷூர்ஃபயர், முடிவை ஒரு ஃபோல்டரில் எழுதும். எழுதும் நடை விதிகளைப் பார்க்கும் செக்ஸ்டைல், பிழைகளைத் தேடும் ஸ்பாட்பக்ஸ், டெஸ்ட் எவ்வளவு நிரலைத் தொட்டது என்று அளக்கும் ஜாகோகோ, ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில், அதுவும் மாட்யூலுக்கு மாட்யூல் தனியாக. பில்டு உடைந்தால் லாகைத்தான் (பில்டு ஓடும்போது கொட்டும் வரிகளை) புரட்ட வேண்டும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். இரவு பில்டின் மெயிலைக் கன்னியக்கோயிலில் திறந்தால் தவளக்குப்பம் வரை விரலால் தள்ளிக்கொண்டே வரலாம். உடைந்தது எது என்று அப்போதும் தெரியாது.

இதைச் சரிசெய்ய நேரம் கேட்டபோதெல்லாம் 'அடுத்த ரிலீஸுக்கு அப்புறம்' என்றுதான் பதில் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, நெட் இல்லை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம், நான் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. சென்னையில் இருந்த டீமுக்கு எந்த ரிப்போர்ட் எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

லாகில் பிழை வரிகளைப் பொறுக்கி எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் போதும் என்பதுதான் பலர் சொன்ன யோசனை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பில்டைப் பல த்ரெட்டில் (ஒரே நேரத்தில் பல மாட்யூல்களை) ஓட்டினால் மாட்யூல்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்த வரி யாருடையது என்று சொல்ல முடியாது. ப்ளக்இன் பதிப்பு மாறினால் வாசகமும் மாறும். லாக் மனிதன் படிக்க எழுதப்பட்டது. அதை மெஷினைப் படிக்க வைத்தால் காலமெல்லாம் ஸ்கிரிப்டைத்தான் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அசல் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு ப்ளக்இன்னும் குறையைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. செக்ஸ்டைலின் செக் கோல் (கோல் என்றால் ப்ளக்இன் செய்யும் ஒரு தனி வேலை) ஒரு மீறலைக் கண்டதும் பில்டை நிறுத்தும். அவ்வளவுதான், அதற்குப் பின்னால் வரிசையில் இருக்கும் ஸ்பாட்பக்ஸ் ஓடவே ஓடாது. காலையில் ஒன்றைத் திருத்தினால் மதியம் அடுத்தது முளைக்கும். அதனால் செக் கோல்களை எல்லாம் எடுத்துவிட்டு, ரிப்போர்ட் மட்டும் எழுதும் கோல்களை வைத்தோம். டெஸ்ட் தோற்றாலும் தொடரும்படி ஷூர்ஃபயரிடம் சொல்லிவிட்டோம். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே இடத்தில், 'பாஸா ஃபெயிலா' என்று எங்கள் நிரல் முடிவு செய்யும். இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஆனால் இது இல்லாவிட்டால் மீதி வேலைக்கு அர்த்தமே இல்லை.

கம்பைல் பிழைக்கு, அதாவது நிரலைத் தொகுக்கவே முடியாத பிழைக்கு, இந்தச் சலுகை செல்லாது. அதற்கு 'ஃபெயில் அட் எண்ட்' வைத்தோம். உடைந்த மாட்யூலையும் அதை நம்பியிருப்பவற்றையும் விட்டுவிட்டு மேவன் மற்றதை ஓட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓடாத மாட்யூல் ரிப்போர்ட் எதுவும் எழுதாது. ஃபைல்களை மட்டும் பொறுக்கினால் அந்த மாட்யூலில் குறை பூஜ்யம் என்றே கணக்கு வரும். பாதி ப்ராஜெக்ட் உடைந்த நாளில் வார்னிங் எண்ணிக்கை அழகாக இறங்கியிருக்கும். மேனேஜர்கள் விரும்பும் கிராஃப் அதுதான்!

அதனால் ஃபைல்களுக்கு முன்னால் மேவனிடமே கேட்டோம். மேவன் 3இல் ஈவண்ட்ஸ்பை என்று ஒன்று இருக்கிறது: மாட்யூல் தொடங்கியது, கோல் தோற்றது, மாட்யூல் தவிர்க்கப்பட்டது என ஒவ்வொன்றும் நிகழும்போதே நமக்குச் சொல்லும். எங்கள் நிரலில் பிழை இருந்தாலும் மேவன் ஒரு வார்னிங் மட்டும் போட்டுவிட்டு பில்டைத் தொடரும் என்பது பெரிய நிம்மதி. வரும் நிகழ்வுகளை ஜேசன் என்ற தரவு வடிவில், வரிக்கு ஒன்றாக எழுதினோம். அந்த ஃபைலை டார்கெட் ஃபோல்டரில் (மேவன் தன் வெளியீட்டை எழுதும் இடம்) வைக்கக் கூடாது. நாம் எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்த ஃபோல்டரை அழிக்கும் 'க்ளீன்' ஓடும். ஃபோல்டரோடு அதுவும் போய்விடும். க்ளீன் செய்யாமல் ஓட்டினால் இன்னொரு தொல்லை: எப்போதோ நீக்கிய டெஸ்டின் பழைய எக்ஸ்எம்எல் முடிவு ஃபைல் அங்கேயே இருக்கும். பில்டு தொடங்கிய நேரத்துக்கு முந்தைய ஃபைல் எதையும் எடுப்பதில்லை.

வடிவத்துக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. டெஸ்ட் முடிவுகளுக்கு ஜேயூனிட் எக்ஸ்எம்எல், குறைகளுக்கு சாரிஃப் 2.1.0, இரண்டுமே பல கருவிகளுக்கும் பொதுவான வடிவங்கள். செக்ஸ்டைல், ஸ்பாட்பக்ஸ் இரண்டுமே சாரிஃபில் எழுதும்.

நேற்றிருந்த அதே குறைதானா இது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் மண்டை காய்ந்தது. வரி எண்ணை நம்ப முடியாது. மேலே ஒரு இம்போர்ட் வரி சேர்த்தால் கீழே இருக்கும் எல்லாமே புதுக் குறையாகிவிடும். கோப்பின் பெயர், விதியின் பெயர், அந்த வரியில் இருக்கும் நிரல், இம்மூன்றையும் சேர்த்து ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிடும் ஒரு அடையாளக் குறி) எடுத்தோம். ஒரே வரி ஒரு கோப்பில் இரண்டு முறை வந்தால் எத்தனையாவது என்பதையும் சேர்க்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் இன்னும் தடுமாறும். அதற்கு மேல் போக மனமில்லை.

ரிப்போர்ட்டின் முகப்பில் என்ன வேண்டும் என்று டெஸ்டிங்கில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். "எந்த மாட்யூல், யார் கமிட், இது ரெண்டு மட்டும் மேல வை தம்பி. மத்ததை நான் தேடிக்கறேன்" என்றார். கமிட் என்றால் ஒருவர் நிரலில் சேர்த்த மாற்றம். நான் வரைந்து வைத்திருந்த வட்ட கிராஃபை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன்.

இப்போது புதுக் குறை வந்தால் பில்டு உடையும், பழையதற்கு உடையாது. விதிவிலக்கு கேட்பவர்கள் முடிவுத் தேதியோடு கேட்க வேண்டும். பக்கத்து டீம் கிரேடிலில் (மேவன் போன்ற இன்னொரு பில்டு கருவி) இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது வேண்டுமாம். எக்ஸ்எம்எல்லும் சாரிஃபும் அங்கேயும் அதேதான், படிக்கும் பகுதியை அப்படியே கொடுத்துவிட்டோம். ஈவண்ட்ஸ்பை அங்கே கிடையாது. நிகழ்வுகளைப் பிடிக்கும் பகுதியை அவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.