ருவென்சோரிக்குப் போகிறவர்கள் சேற்றுக்குத் தயாராகுங்கள்

உகாண்டாவின் ருவென்சோரி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பது, கிளிமஞ்சாரோ ஏறினவர்களுக்கு இது சுலபமா என்பதுதான். உயரத்தை மட்டும் பார்த்தால் இங்குள்ள மார்கெரிட்டா சிகரம் 5,109 மீட்டர், ஆப்பிரிக்காவில் மூன்றாவது. ஆனால் இந்த மலையில் ஆளைச் சோதிப்பது தண்ணீர். பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் வருஷம் முழுக்க மழை. மழை குறைவு என்று சொல்கிற ஜனவரியிலும் ஜூலையிலும்கூடப் பெய்யும். எதை எடுத்துப் போவது, எவ்வளவு தூரம் நடப்பது எல்லாமே அதை வைத்துத்தான்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு தேவை. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் சான்றிதழ் செல்லும். உகாண்டாவுக்குள் நுழைய மட்டுமில்லை, திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். விசா ஆன்லைனில்தான், தடுப்பூசி அட்டையையும் அதில் ஏற்ற வேண்டும்.

கைடு இல்லாமல் மலைக்குள் விடமாட்டார்கள். நியாக்கலெங்கிஜா கிராமத்திலிருந்து கிளம்பும் பழைய மத்தியச் சுற்றுப் பாதை ஒன்று, தெற்கே கிலெம்பேயிலிருந்து போகும் பாதை இன்னொன்று. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். நான் போனது முதலாவது. விலை பேசும்போது பூங்காக் கட்டணம், போர்ட்டர், சாப்பாடு, பனியில் நடக்க ஷூவில் மாட்டும் இரும்பு முள்ளான கிராம்பான், கயிறு, கயிற்றை இணைக்க இடுப்பில் கட்டும் ஹார்னஸ் எல்லாம் சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நான் முதலில் விசாரித்த ஏஜென்சி சொன்ன தொகையில் பனிச் சாமான் வாடகை இல்லவே இல்லை. காப்பீட்டிலும் எத்தனை மீட்டர் உயரம் வரை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

நடை ஆரம்பத்தில் சாதாரணக் காட்டு ஏற்றம்தான். 2,650 மீட்டரில் நியாபிட்டாபா குடில். மறுநாள் ஆற்றுப் பாலம் தாண்டி மூங்கில் காடு, அப்புறம் பாசி தொங்கும் ஹீத் மரங்கள், ஜான் மாட்டே குடில். அதற்கு மேலேதான் பிகோ சதுப்பு. சில இடங்களில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பலகை இல்லாத இடத்தில் புல் திட்டு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எட்டி வைத்து, கால் தவறினால் முழங்கால் வரை கறுப்புச் சேறு, அந்தக் காலை உருவி எடுப்பதற்குள் இன்னொன்று இறங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ட்ரெக்கிங் ஷூவும் இங்கே உதவாது. ரப்பர் கம்பூட்ஸ்தான், கைடும் போர்ட்டர்களும் போடுவது அதைத்தான். தடியான கம்பளி சாக்ஸ் நிறைய வையுங்கள். தூங்கும்போது போட ஒரு ஜோடித் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடாதீர்கள். குடில்களில் எதுவும் காயாது.

ஆனால் அந்தச் சதுப்புக்காகவே இன்னொரு முறை போவேன். ஆளைவிட உயரமான லொபீலியாச் செடி, தலையில் முட்டைக்கோஸ் வைத்த மாதிரி நிற்கும் ராட்சத கிரவுண்ட்செல் செடி. பகலில் வெயில், இரவில் உறைபனி என்பதால் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது, இரவில் நடு மொட்டை இலைகளால் மூடுகிறது. சிகரத்தையே நினைத்துக்கொண்டு இதையெல்லாம் வேகமாகக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்.

புஜுகு குடிலுக்கு அப்புறம் உயரம் தன் வேலையைக் காட்டும். 4,541 மீட்டரில் இருக்கும் எலினா குடிலில் தலைவலியோடு தூக்கம் வரவில்லை. விடியும் முன்பே எழுப்பிவிட்டார்கள். மேலே பனியாறு. 1906-இல் இத்தாலியின் அப்ரூஸி கோமகன் இந்தச் சிகரத்தில் முதலில் ஏறிய காலத்தில் மலைத்தொடர் முழுவதும் சுமார் 6.5 சதுர கிலோமீட்டர் பனி இருந்தது, 2003-இல் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. முன்பு பனி இருந்த மட்டத்தை எங்கள் கைடு பாறையில் கை காட்டினார், என் தலைக்கு வெகு மேலே. அவர் பாகொன்ஜோ இனத்தவர், இந்தச் சரிவுகளில் வாழ்கிற மக்கள். அவர்களுக்கு அந்தப் பனி கடவுள் கிட்டசாம்பாவின் இடம். அந்தப் பனி இப்படிக் குறைந்துகொண்டே போவதால், போக ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இறக்கம் கித்தாந்தரா ஏரிகள், ஃப்ரெஷ்ஃபீல்ட் கணவாய் வழியாக. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட அதுதான் கஷ்டம், ஊன்றுகோல் இரண்டு கட்டாயம். கீழே வந்ததும் டிப்ஸை மொத்தமாக ஒருவரிடம் கொடுக்காமல் ஒவ்வொரு போர்ட்டர் கையிலும் கொடுங்கள். அதற்கான உகாண்டா ஷில்லிங் சில்லறையை மலையடிவாரத்துக் கசேசே ஊரிலேயே, ஏறப் போகும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.