விலையை ஏற்பவரும் விலை வைப்பவரும்: ஒரு வேளாண் பொருளாதாரப் பருவத்தின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5

இந்தப் பருவத்தில் வேளாண் பொருளாதாரமும் வேளாண் வணிக மேலாண்மையும் அடுத்தடுத்த வகுப்புகள். முதல் வகுப்பில் மேடம் சொன்னது: விவசாயி விலையை ஏற்பவர். ஒரே மாதிரியான பொருளை ஆயிரக்கணக்கானோர் விளைவிக்கும்போது தனி ஒருவர் கூட்டி விற்றாலும் குறைத்து விற்றாலும் சந்தை விலை அசையாது. அடுத்து வந்த சார் பலகையில் எழுதிய முதல் வரி: "உங்கள் பொருளுக்கு என்ன விலை வைப்பீர்கள்?" இடைவேளைக்குள் விவசாயிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். கேலியாகத்தான் சொன்னான். எனக்கு அது இந்தப் படிப்பின் அடிப்படைக் கேள்வியாகவே படுகிறது.

ஆகஸ்ட் 14

தேவை நெகிழ்ச்சி: விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்ற கணக்கு. உணவுப் பொருள் ஒன்றுக்கு அது 0.5 என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் 10 சதவீதம் கூடினால், அத்தனையும் விற்றுத்தீர விலை சுமார் 20 சதவீதம் இறங்க வேண்டும். 1.1-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.88. அதிகம் விளைவித்ததற்குப் பரிசாக எல்லோருமாகச் சேர்ந்து 12 சதவீத வருமானத்தை இழந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் விளைந்தால் லாபம், ஊருக்கே விளைந்தால் நஷ்டம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1699-இலேயே இங்கிலாந்தில் சார்லஸ் டாவனன்ட் ஓர் அட்டவணை தந்திருக்கிறார்: தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் பத்தில் நாற்பத்தைந்து பங்கு. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நல்ல மகசூல் வந்த வருடம் விலை விழுந்தால் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

செப்டம்பர் 3

சிலந்திவலைக் கோட்பாடு. வரைபடத் தாளில் நாமே போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது. சென்ற பருவத்தின் விலையைப் பார்த்து இந்தப் பருவம் விதைக்கிறார்கள். விலை அதிகமிருந்ததா, எந்த விலைக்கு எவ்வளவு விளைவிப்பார்கள் என்று காட்டும் அளிப்புக் கோட்டுக்குப் போய் அளவைக் குறி. அந்த அளவு சந்தைக்கு வந்ததும், எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டில் விலை கீழே விழுகிறது. அதைப் பார்த்து அடுத்த பருவம் குறைவாக விதைக்கிறார்கள், விலை மேலே போகிறது. பென்சில் சுற்றிச் சுற்றி வருகிறது.

அளிப்புக் கோடு செங்குத்தாகவும் தேவைக் கோடு படுத்த வாக்கிலும் இருந்தால் சுற்று சுருங்கிச் சமநிலையில் போய் நிற்கிறது. மாற்றிப் போட்டால் வெளியே விரிந்துகொண்டே போகிறது. என் தாளில் நான்காவது சுற்றில் பென்சில் ஓரத்தைத் தாண்டிவிட்டது.

ஜெர்மனியின் பன்றி விலைச் சுழற்சியை 1928-இல் ஆர்தர் ஹனாவ் ஆராய்ந்தார். 1938-இல் மோர்டகாய் எசிக்கியல் இந்தக் கோட்பாட்டைத் தொகுத்துக் கொடுத்தார். 1961-இல் ஜான் மூத் கேட்டது வேறு கேள்வி: ஒவ்வொரு முறையும் ஏமாந்துகொண்டே இருக்க விவசாயிகள் என்ன முட்டாள்களா? நான் மூத் பக்கம். ஆனால், விலை எப்படிப் போகும் என்று தெரிந்திருப்பது வேறு, அதற்கேற்றபடி நடக்கக் கையில் பணமும் அவகாசமும் இருப்பது வேறு.

செப்டம்பர் 10

இடைத்தேர்வு. காப்-டக்ளஸ் (உழைப்பும் மூலதனமும் எவ்வளவு உற்பத்தி தரும் என்ற சூத்திரம்) கேள்வி எளிது. வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24

வணிக வகுப்பில் பயிர்ச் செலவுக் கணக்கு. விதை, உரம், கூலி, டீசல் வரைக்கும் எல்லோரும் வேகமாகப் போட்டோம். அப்புறம் சார், "குடும்பத்தார் உழைப்புக்கு என்ன போட்டீர்கள்? சொந்த நிலத்துக்கு வாடகை?" என்றார். அதே வேலையை வெளியில் செய்தால் கிடைக்கும் கூலி, அதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் தொகை, இரண்டையும் சேர்த்ததும் வகுப்பில் பாதிப் பேரின் லாபம் மைனஸில் போய்விட்டது.

இதுதான் வாய்ப்புச் செலவு; இதன் வரையறையை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்திருந்தோம். நஷ்டத்தில் ஓடும் பண்ணை ஏன் இழுத்து மூடாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது என்பதற்கு குடும்பக் கூலி, நில வாடகை என்ற அந்த இரண்டு வரிகள்தான் விடை. கையை விட்டுப் பணம் போகாத செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அக்டோபர் 8

1957-இல் ஸ்வி கிரிலிக்கஸ் ஒட்டுரக மக்காச்சோளம் அமெரிக்க மாநிலங்களில் பரவியதை ஆராய்ந்தார். ஒவ்வொரு இடத்திலும் அதே எஸ் வடிவ வளைவு: முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் மறுபடி மெதுவாக. பரவிய வேகத்தைப் பெருமளவு தீர்மானித்தது லாபம்.

மறுவருடமே வில்லர்ட் காக்ரேன் மறுபக்கத்தைச் சொன்னார். புதிய ரகத்தை முதலில் பிடித்தவருக்குச் செலவு குறைகிறது, விலை இன்னும் இறங்கவில்லை, லாபம். மற்றவர்களும் வந்து சேர்ந்ததும் விளைச்சல் பெருகி விலை இறங்குகிறது. கடைசியில் வருபவர் வேறு வழியில்லாமல் வருகிறார், நஷ்டத்தைக் குறைக்க. டிரெட்மில், அதாவது எவ்வளவு ஓடினாலும் இருந்த இடத்திலேயே நிற்க வைக்கும் இயந்திரம், என்று அவர் பெயர் வைத்தது கச்சிதம். இரண்டு வகுப்பும் எனக்கு முதல்முறையாக ஒன்றாகத் தெரிந்தது இன்றைக்குத்தான்: சாருடைய பாடம் முதலில் ஏறுபவருக்கு, மேடத்துடைய பாடம் எல்லோரும் ஏறிய பிறகு நடப்பதற்கு.

அக்டோபர் 22

முன்பேர வர்த்தகம். அறுவடைக்கு முன்பே ஒப்பந்தத்தை விற்று விலையைப் பூட்டிக்கொள்ளலாம். விலை விழுந்தால் சரக்கில் போனது ஒப்பந்தத்தில் வரும். மிச்சமிருக்கும் ஆபத்து, உள்ளூர் விலைக்கும் முன்பேர விலைக்கும் உள்ள இடைவெளி. வகுப்பு விழித்துக்கொண்டது வெங்காயக் கதையில்தான். 1950-களின் நடுவில் சிகாகோவில் இரண்டு வியாபாரிகள் சரக்கையெல்லாம் வளைத்து, பிறகு விலை விழும் என்று பந்தயம் கட்டிக் கொட்டியதில், வெங்காயத்தை விட அதைக் கட்டிய சாக்குக்கு அதிக மதிப்பு என்ற நிலை வந்தது. 1958-இல் அமெரிக்கா வெங்காய முன்பேர வர்த்தகத்தையே தடை செய்தது. இவர்களை மட்டும் விலையை ஏற்பவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நவம்பர் 7

குழுத் திட்டம்: விவசாயிகள் சேர்ந்து நடத்தும் குளிர்பதனக் கிடங்கு. அறுவடையின்போது 100 என்று இருக்கும் விலை நான்கு மாதத்தில் 140. கிடங்குச் செலவு, வட்டி, எடைக் குறைவு எல்லாம் சேர்த்து 22. பத்தாண்டு நிகர தற்போதைய மதிப்பு (வருங்கால வரவு செலவை இன்றைய மதிப்பில் கூட்டிக் கழித்த தொகை) அழகாக பிளஸில் வந்தது. சார் தலையாட்டினார்.

மதிப்பீட்டுக்கு வந்திருந்த மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவ்வளவு லாபம் என்றால் பக்கத்தில் இன்னொருவர் கட்டமாட்டாரா?" கிடங்குகள் பெருகினால் அறுவடைக்கால வரத்து குறைந்து அப்போதைய விலை ஏறும், பிந்தைய விலை இறங்கும், இடைவெளி சேமிப்புச் செலவை நோக்கிச் சுருங்கும். 40 என்பது 22 ஆகிவிட்டால் எங்கள் லாபம் பூஜ்யம். சார் அதற்கும் தலையாட்டி, "அப்போதும் உங்கள் செலவு 18 ஆக இருந்தால்?" என்றார். விலையை விட்டுவிட்டுச் செலவைப் பிடிக்கச் சொல்கிறார்.

திருத்திய கணக்கைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து இடைவெளியை 22 என்று போட்டு, மின்கட்டணத்தில் எங்கே குறைக்கலாம் என்று இரவு முழுக்க எக்செலில் தேடிக்கொண்டிருக்கிறோம். செலவு இதுவரை 20 வரை இறங்கி வந்திருக்கிறது.